ஆற்றைத் திருப்பியவர்கள்

பகீரதன் கங்கையைப் பூமிக்குக் கொண்டுவந்த கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் அந்தக் கதையில் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிற அம்சம் ஒன்று உண்டு. கங்கை இறங்கி வரச் சம்மதித்த பிறகும் பகீரதன் உடனே அவளை அழைத்து வந்துவிடவில்லை. அவளுடைய வேகத்தை யார் தாங்குவது என்ற கேள்வி பிறந்தது. அதற்காகச் சிவபெருமானை நோக்கித் தனியாக ஒரு தவம் செய்து அவருடைய சம்மதத்தைப் பெற்றான். அப்புறமும் தொல்லை தீரவில்லை. வழியில் ஜஹ்னு முனிவரின் ஆசிரமத்துக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. அவர் கோபங்கொண்டு நதி முழுவதையும் ஆசமனம் செய்துவிட்டார். அவரையும் வேண்டிக்கொள்ள வேண்டியிருந்தது. தண்ணீரைத் திருப்புகிறவன் தனக்கு அது வேண்டும் என்பதை மட்டும் சொன்னால் போதாது. அது போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர்களையும் கேட்டாக வேண்டும். நம் பெரியவர்கள் கதை சொன்னபோதே இதையும் சேர்த்துத்தான் சொல்லிவைத்தார்கள்.

நான் இங்கே சொல்லப்போவது பகீரதன் கதை அல்ல. அமெரிக்காவில் ஒரு ஸ்தல ஸ்தாபனம் இரண்டு ஆறுகளைக் கால்வாய் வெட்டி இணைத்து, அவற்றில் ஒன்றைத் தலைகீழாக ஓடச் செய்த கதை. பேரரசர்களும் மந்திரிசபைகளும் செய்கிற காரியம் என்று நாம் நினைப்பதை, சாக்கடை வரி வசூலிக்கும் ஒன்பது பேர் கொண்ட ஒரு சபை செய்து முடித்தது. 'அவர்களுக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தார்கள்?' என்ற கேள்வி அப்போது பிறந்தது. அதற்குக் கோர்ட்டுகளில் பதில் தேடி முடிப்பதற்குள் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

முதலில் பூகோளத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். சிகாகோ நகரம் மிச்சிகன் ஏரியின் தென்மேற்குக் கரையில் இருக்கிறது. ஏரி என்றதும் நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளக் கூடாது. அது ஒரு நன்னீர்க் கடல். சிகாகோ ஆறு என்று ஒரு சிறிய ஆறு. மந்தமான ஓட்டம். ஊருக்குள் வளைந்து வந்து இந்த ஏரியில் விழுந்து கொண்டிருந்தது. ஊருக்கு மேற்கே சில மைல் போனால் டெஸ் பிளெய்ன்ஸ் என்று வேறோர் ஆறு. அது ஏரிப்பக்கம் வராமல் தென்மேற்கே ஓடி, கான்ககீ ஆற்றோடு கூடி, இல்லினாய் ஆறு என்று பெயர் பெற்று, மிஸிஸிப்பி மகாநதியில் கலந்து, கடைசியில் மெக்ஸிகோ வளைகுடாவைச் சேருகிறது. ஆக, சிகாகோ ஆற்றில் விழும் மழைத்துளி வடகிழக்கே அட்லாண்டிக் சமுத்திரத்துக்குப் போகும். சில மைலுக்கு அப்பால் விழும் துளி தெற்கே வளைகுடாவுக்குப் போகும். இந்த இரண்டு பெரிய உலகங்களையும் பிரித்து வைத்தது ஏதோ இமயமலை என்று எண்ண வேண்டாம். ஏரி மட்டத்துக்கு மேலே சுமார் பத்தடி உயரமுள்ள ஒரு மண்மேடு, அவ்வளவுதான்! அந்த மேட்டிலும் 'சேற்று ஏரி' என்று ஒரு சதுப்பு நிலம் கிடந்தது. மழைக்காலத்தில் அதன் வழியாகச் சிறு தோணிகளைத் தள்ளிக்கொண்டு ஒரு நதியிலிருந்து இன்னொரு நதிக்குப் போய்விடலாம்.

அங்கே வாழ்ந்த செவ்விந்திய மக்களுக்கு இந்த வழி காலம் காலமாகத் தெரியும். 1673-ஆம் ஆண்டில் லூயி ஜோலியே என்ற பிரெஞ்சு யாத்திரிகரும் மார்க்கெட் என்ற பாதிரியாரும் மிஸிஸிப்பியிலிருந்து திரும்பியபோது அவர்கள்தாம் இந்த வழியைக் காட்டினார்கள். இந்த இடத்தில் ஒரு சிறு கால்வாய் வெட்டினால் ஏரிகளிலிருந்து வளைகுடா வரை படகிலேயே போகலாம் என்று ஜோலியே அப்போதே சொல்லிவிட்டார். பார்ப்பதற்குச் சுலபமான காரியம். ஆனால் அதைச் செய்வதற்கு 175 வருஷம் பிடித்தது.

முதல் கால்வாயை வெட்டியது இல்லினாய் ராஜ்யம். அதற்கு அமெரிக்கக் காங்கிரஸ் 1822-இல் அனுமதி கொடுத்தது. 1827-இல் செலவுக்காக நிலமும் மானியமாகக் கொடுத்தது. 1836 ஜூலை 4-ஆம் தேதி, அதாவது அவர்களுடைய சுதந்திர தினத்தன்று, வேலையை ஆரம்பித்தார்கள். மறுவருஷமே நாடெங்கும் பாங்குகள் திவாலாகிப் பணமுடை வந்துவிட்டது. நின்று நின்று நடந்த வேலை 1848-இல்தான் முடிந்தது. 96 மைல் நீளம், ஆறடி ஆழம். ஐரிஷ் கூலியாட்கள் மண்வெட்டியாலும் கூடையாலும் வெட்டியது. இந்த 'இல்லினாய் - மிச்சிகன் கால்வாய்' சிகாகோவுக்கு லட்சுமி கடாட்சமாக வந்து வாய்த்தது. 1840-இல் ஐயாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் 1850-இல் சுமார் முப்பதாயிரம் பேர். 1870-இல் கிட்டத்தட்ட மூன்று லட்சம். 1890-இல் பதினோரு லட்சம்!

ஜனம் பெருகினால் சாக்கடையும் பெருகும். அந்த ஊரில் நடந்துவந்த விபரீதம் என்னவென்றால், ஊர்ச் சாக்கடை எல்லாம் ஆற்றில் விழுந்தது. ஆறு ஏரியில் விழுந்தது. ஏரியிலிருந்துதான் ஊருக்குக் குடிதண்ணீர் எடுத்தார்கள். 1849-லும் 1854-லும் காலரா வந்து ஊரைச் சூறையாடியது. பாஸ்டனிலிருந்து செஸ்பரோ என்ற இஞ்சினீயரைத் தருவித்தார்கள். மனிதர் மகா சமர்த்தர். ஊர் தாழ்வாக இருக்கிறது, சாக்கடைக்குச் சரிவு கிடைக்கவில்லை என்று கண்டவுடன், தெருக்களையே உயர்த்தத் திட்டம் போட்டார். செங்கல் கட்டடங்களை அடியில் திருகு வைத்து, உள்ளே வியாபாரம் நடந்துகொண்டிருக்கும்போதே அங்குலம் அங்குலமாக உயர்த்தினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்! குடிதண்ணீருக்காக ஏரியின் அடியில் இரண்டு மைல் தூரம் சுரங்கம் தோண்டி, கரையை விட்டு எட்டிப்போய்த் தண்ணீர் எடுத்தார்கள். 1867-இல் அந்தச் சுரங்கம் வேலைக்கு வந்தது.

ஆனால் சாக்கடையும் இரண்டு மைல் நீந்தக் கற்றுக்கொண்டது. 1865-இல் ஊருக்குத் தெற்கே பிரம்மாண்டமான கால்நடைச் சந்தையும் இறைச்சித் தொழிற்சாலைகளும் வந்தன. அங்கிருந்து வந்த ரத்தமும் குடலும் ஆற்றின் ஒரு கிளையில் படிந்து அழுகி, வாயுக் குமிழிகளாகக் கிளம்பின. ஜனங்கள் அதற்குக் 'குமிழி ஓடை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1871-இல் பழைய கால்வாயை இன்னும் ஆழமாக வெட்டி, ஆற்றைக் கால்வாய் வழியாக மேற்கே ஓட வைத்துப் பார்த்தார்கள். ஆறு திரும்பவும் செய்தது. ஊரெல்லாம் கொண்டாட்டம். ஆனால் சில வருஷங்களில் வண்டல் படிந்தது, ஜனத்தொகை ஏறியது, ஆறு பழையபடி ஏரிப்பக்கம் திரும்பிவிட்டது. ஆறடிக் கால்வாயை நம்பிக்கொண்டு பத்து லட்சம் பேர் இருப்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது நிச்சயமாயிற்று.

1885 ஆகஸ்டு 2-ஆம் தேதி ஒரே நாளில் ஆறங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. ஆறு பொங்கி அழுக்கையெல்லாம் ஏரிக்குள் தள்ளியது. இதன்பிறகு காலராவும் டைபாய்டும் வந்து தொண்ணூறாயிரம் பேர் இறந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. வெகுகாலம் அதிகாரபூர்வமான பிரசுரங்களிலேயே இந்தக் கதை இடம்பெற்றிருந்தது. அந்த மழையின் கோரத்தைச் சொல்லித்தான் கால்வாயின் பெருமையைப் பேசுவார்கள். ஆனால் இது சரித்திரம் அல்ல, கட்டுக்கதை. தொண்ணூறாயிரம் பேர் என்றால் ஊரில் எட்டுப் பேருக்கு ஒருவர். அப்படி ஒரு சாவு நடந்திருந்தால் பத்திரிகைகள் சும்மா இருந்திருக்குமா? இடுகாட்டுக் கணக்குகள்தாம் மறைத்திருக்குமா? அந்த வருஷத்தில் அப்படிப்பட்ட கொள்ளைநோய் எதுவும் வரவில்லை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் நிரூபித்துவிட்டார்கள். காற்று வேறு திசையில் அடித்ததால் அழுக்கு, தண்ணீர் எடுக்கும் இடத்தை எட்டவில்லை, ஊர் தப்பியது.

ஆனால் கட்டுக்கதை இல்லாமலே பயப்படுவதற்குக் காரணம் இருந்தது. 1891-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் டைபாய்டு ஜுரத்தால் சுமார் இரண்டாயிரம் பேர் இறந்தார்கள். இதற்குத் தொண்ணூறாயிரம் என்று மிகைப்படுத்தவே தேவையில்லை. இரண்டாயிரம் வீடுகளில் ஒரு நாற்காலி காலியாகிறது என்பது போதாதா?

மழைக்கு மறுவருஷம் ருடால்ப் ஹெரிங் என்ற நிபுணரின் தலைமையில் ஒரு கமிஷன் நியமித்தார்கள். அந்தக் கமிஷன் மூன்று வழிகளை ஆராய்ந்தது. சாக்கடையை ஏரியிலேயே விட்டு, குடிதண்ணீரை வேறிடத்தில் எடுப்பது ஒரு வழி. சாக்கடை நீரை வயல்களுக்குப் பாய்ச்சுவது இரண்டாவது வழி. மேட்டை ஆழமாக வெட்டி, சிகாகோ ஆற்றை டெஸ் பிளெய்ன்ஸ் ஆற்றோடு இணைத்து, ஏரித் தண்ணீரின் வேகத்தாலேயே அழுக்கைத் தெற்கே தள்ளிவிடுவது மூன்றாவது. மூன்றாவதுதான் சிலாக்கியம் என்று 1887-இல் அறிக்கை கொடுத்தார்கள்.

வழி தெரிந்துவிட்டது. ஆனால் வெட்டுவது யார்? இங்கேதான் கதை ருசிக்கிறது.

சிகாகோ நகரசபையால் முடியாது. நகர எல்லைக்கு வெளியே இருபது மைலுக்கு மேல் போய் நிலம் எடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய தடை கடன். இல்லினாய் ராஜ்யத்தின் 1870-ஆம் வருஷத்து அரசியல் சட்டப்படி, ஒரு ஸ்தல ஸ்தாபனம் தன் எல்லைக்குள் உள்ள சொத்தின் வரி மதிப்பில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கடன் வாங்கக் கூடாது. அந்த வரம்புக்குள் நகரசபையால் இவ்வளவு பெரிய செலவைத் தாங்க முடியாது. ராஜ்ய சர்க்காரோ, ஒரு நகரத்தின் சாக்கடைக்காக மற்ற ஜில்லாக்காரர்களிடம் வரி வாங்கச் சம்மதிக்குமா?

வக்கீல்கள் யோசித்தார்கள். கடன் வரம்பு ஒவ்வொரு ஸ்தாபனத்துக்கும் தனித்தனி அல்லவா? அப்படியானால் அதே ஜனங்களையும் அதே நிலத்தையும் வைத்துக்கொண்டு புதிதாக இன்னொரு ஸ்தாபனத்தைச் சிருஷ்டித்தால்? அதற்கும் தனியாக நூற்றுக்கு ஐந்து கடன் வாங்கும் அதிகாரம் உண்டே! 1889 மே மாதம் 29-ஆம் தேதி ராஜ்யத்தின் சட்டசபை இதற்காகவே ஒரு சட்டம் செய்தது. 'சானிடரி டிஸ்டிரிக்ட்', அதாவது சுகாதார மண்டலம், என்று ஒரு புதுவிதமான ஸ்தல ஸ்தாபனத்துக்கு அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. ஜனங்கள் வோட்டுப் போட்டு விரும்பினால் மண்டலம் அமையும். ஒன்பது டிரஸ்டிகளை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். அந்த டிரஸ்டிகள் வரி போடலாம், கடன் வாங்கலாம், எல்லைக்கு வெளியேயும் நிலம் எடுக்கலாம், கால்வாய் வெட்டலாம்.

கீழே உள்ளவர்களைச் சட்டம் முற்றிலும் மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மண்டலத்தில் உள்ள ஒவ்வொரு லட்சம் பேருக்கும் நிமிஷத்துக்கு 20,000 கன அடி வீதம் ஏரித் தண்ணீரைக் கலந்துதான் சாக்கடையை அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். கால்வாயைத் திறப்பதற்குமுன் கவர்னர் நியமிக்கும் கமிஷனர்கள் வந்து பார்வையிட வேண்டும் என்றும் விதித்தார்கள். நதியோர ஊர்களின் பிரதிநிதிகளுக்கு வேறோர் ஆசையும் இருந்தது. கால்வாய் ஆழமாக இருந்தால் பெரிய கப்பல்கள் தங்கள் ஊருக்கும் வருமே என்பதுதான் அது. கப்பல் வரும் என்ற நம்பிக்கையில் சாக்கடைக்குச் சம்மதித்தார்கள்.

1889 நவம்பர் 5-ஆம் தேதி வோட்டெடுப்பு. மண்டலம் வேண்டும் என்றவர்கள் 70,958 பேர். வேண்டாம் என்றவர்கள் 242 பேர்! ஜனநாயக நாட்டில் இப்படி ஒரு முடிவு அபூர்வம். உப்புக்கு வரி வேண்டாம் என்று வோட்டெடுத்தால்கூட இதைவிடக் கூடுதலாக மாற்று அபிப்பிராயம் கிளம்பும். மறுவருஷம், இந்தச் சட்டமே செல்லாது என்று ஒரு வழக்கு நடந்தது. ஒரே நிலத்தின்மேல் இரண்டாவது ஸ்தாபனத்தை ஏற்றிக் கடன் வரம்பைத் தாண்டுவது தந்திரம் அல்லவா என்று வாதித்தார்கள். ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஆகவே அதிகாரம் பூரணமாகக் கிடைத்துவிட்டது: சட்டசபையின் சட்டம், ஜனங்களின் வோட்டு, நீதிமன்றத்தின் முத்திரை. இதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் அந்த 70,958 பேரும் யார் என்று பாருங்கள். எல்லோரும் அழுக்கை அனுப்புகிறவர்கள். பெண்களுக்கு அப்போது வோட்டு இல்லை. அது ஒரு புறம் இருக்கட்டும். அழுக்கைப் பெற்றுக்கொள்ளப் போகிறவர்களில் ஒருவருக்குக்கூட அன்று வோட்டுச் சீட்டு கிடையாது.

1892 செப்டம்பர் 3-ஆம் தேதி லெமான்டுக்குப் பக்கத்தில் முதல் மண்வெட்டி விழுந்தது. அதற்குள் தலைமை இஞ்சினீயர்கள் பலர் வந்து போய்விட்டார்கள். 1893-இல் இஷாம் ராண்டால்ப் என்பவர் வந்தார். அவர்தாம் கடைசி வரை நின்று முடித்தார். 28 மைல் நீளம், 24 அடி ஆழம். அதில் சுமார் பாதித் தூரம் கெட்டியான சுண்ணாம்புப் பாறை. பாறைப் பகுதியில் 160 அடி அகலத்துக்குச் செங்குத்தாகச் சுவர்போல் அறுத்தார்கள். மண்ணும் கல்லுமாகச் சுமார் நாலு கோடி கன கெஜம் வெளியே எடுத்தார்கள். இடையில் டெஸ் பிளெய்ன்ஸ் ஆறு குறுக்கிட்டது; அதற்கு 13 மைல் தூரத்துக்குப் புதுப் படுகை வெட்டி ஒதுக்கினார்கள். நீராவி மண்வாரிகள், வானத்தில் கம்பிகட்டிக் கல்லைத் தூக்கிச் செல்லும் தொட்டிகள், சாய்தள வண்டிகள் என்று எத்தனையோ யந்திரங்கள் இங்கே பழகிப் பக்குவப்பட்டன. அந்த அனுபவம் பின்னால் பனாமாக் கால்வாய்க்குக் கைகொடுத்தது. ராண்டால்பே அதன் ஆலோசனைக் குழுவில் ஒருவராக இருந்தார்.

யந்திரங்கள் இருந்தும் ஆயிரக்கணக்கான கூலியாட்கள் வேண்டியிருந்தது. 1893-இல் லெமான்டு வட்டாரத்தில் கூலிக்காக வேலைநிறுத்தம் நடந்தது. துப்பாக்கிப் பிரயோகம் நடந்து தொழிலாளர்கள் சிலர் உயிரிழந்தார்கள். கால்வாயின் பெருமையைப் பேசும் விழாக்களில் இவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

1899 முடியும் தறுவாயில் கால்வாய் தயார். மொத்தச் செலவு சுமார் 3 கோடி 30 லட்சம் டாலர். இப்போது கீழே இருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். மிஸிஸிப்பிக் கரையில் ஸெயின்ட் லூயி என்ற நகரம். அது இல்லினாய் ராஜ்யத்தில் இல்லை. பக்கத்து மிஸௌரி ராஜ்யத்தில் இருக்கிறது. அதன் ஜனங்கள் மிஸிஸிப்பித் தண்ணீரைத்தான் குடித்தார்கள். சிகாகோவின் சாக்கடை தங்கள் குடத்துக்கு வரப்போகிறது என்று கண்டதும், தடை உத்தரவு வாங்கத் தயாரானார்கள்.

சேதி சிகாகோவுக்கு எட்டியது. டிரஸ்டிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1900 ஜனவரி 2-ஆம் தேதி, கடுங்குளிரில், விடிந்தும் விடியாத வேளையில், விழாவும் இல்லாமல் விருந்தினரும் இல்லாமல், ஊருக்கு மேற்கே ஆற்றுக்கும் கால்வாய்க்கும் நடுவே மிச்சமிருந்த கரையை உடைக்கப் போனார்கள். மண் உறைந்து பாறையாகியிருந்தது. வெடி வைத்தார்கள், அசையவில்லை. கடைசியில் தூர்வாரும் யந்திரம் வந்து கரையைப் பிய்த்தது. ஆற்றுத் தண்ணீர் கால்வாய்க்குள் விழுந்தது. எழுபதாயிரம் பேருடைய வோட்டும் சட்டசபையின் சட்டமும் கையில் வைத்திருந்தவர்கள், திருட்டுக் கல்யாணம் செய்கிறவர்களைப்போல் ஏன் இப்படி அவசரப்பட வேண்டும்? தங்களிடமுள்ள அதிகாரம் எங்கே முடிகிறது என்பது அவர்களுக்கே நன்றாகத் தெரிந்திருந்தது என்றுதான் எண்ணத் தோன்றுகிறது.

ஜனவரி 17-ஆம் தேதி கவர்னரின் அனுமதி வந்தது. லாக்போர்ட்டில் கடைசி அணையைத் தாழ்த்தினார்கள். சிகாகோ ஆறு திரும்பி ஓட ஆரம்பித்தது. அதே தினத்தில் மிஸௌரி ராஜ்யம் வாஷிங்டனில் சுப்ரீம் கோர்ட்டில் வழக்கைத் தாக்கல் செய்தது. தண்ணீர் முந்திக்கொண்டது, காகிதம் பிந்திவிட்டது.

இந்த வழக்கு ஒரு விசித்திரமான வழக்கு. ஒரு ராஜ்யம் இன்னொரு ராஜ்யத்தின்மேல், 'உன் அழுக்கை என் வாசலில் கொட்டாதே' என்று போட்டது. 1901-இல், இதை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று கோர்ட் சொன்னது. அப்புறம் சாட்சியம். இரண்டு தரப்பிலும் பெரிய பெரிய விஞ்ஞானிகள் வந்தார்கள். கால்வாயிலிருந்து ஸெயின்ட் லூயி 357 மைல் தூரம். டைபாய்டுக் கிருமி அவ்வளவு தூரம் உயிரோடு வருமா என்பதுதான் விவாதம். நோய் உண்டாக்காத ஒரு கிருமியைப் பீப்பாய் பீப்பாயாகக் கால்வாயில் கொட்டி, அது ஸெயின்ட் லூயிக்கு வந்து சேருகிறதா என்றுகூடப் பரீட்சை செய்தார்கள். வந்து சேர்ந்தது என்றது மிஸௌரி. டைபாய்டுக் கிருமி அதைவிடச் சீக்கிரம் செத்துவிடும் என்றது இல்லினாய். அதோடு, ஏரியின் சுத்த ஜலம் இவ்வளவு கலப்பதால் இல்லினாய் ஆறு முன்னைவிடத் தெளிவாக இருக்கிறது என்றும் வாதித்தது.

1906-இல் நீதிபதி ஹோம்ஸ் தீர்ப்பை எழுதினார். மிஸௌரியின் வழக்குத் தள்ளுபடி. ஒரு ராஜ்யத்தின் காரியத்தில் குறுக்கிட வேண்டுமானால் தீங்கு பெரிதாக இருக்க வேண்டும், ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாக வேண்டும். இங்கே நிரூபணமாகவில்லை என்றார். இன்னொன்றும் சொன்னார். மிஸௌரியின் ஊர்களே தங்கள் சாக்கடையை அதே மிஸிஸிப்பியில் விடுகின்றனவே, அது எப்படி என்று கேட்டார். அடுத்தவனைக் குற்றம் சொல்ல நீட்டிய விரல், தன் பக்கமே திரும்பிவிட்டது! ஸெயின்ட் லூயிக்காரர்கள் தண்ணீரைச் சுத்தம் செய்து குடிக்கக் கற்றுக்கொண்டார்கள். வழக்கில் தோற்றது அவர்களுக்கு ஒருவகையில் நன்மையாகவும் முடிந்தது.

கால்வாயால் சிகாகோவுக்கு நன்மை விளைந்ததா? விளைந்தது, சந்தேகமே இல்லை. ஏரியில் நேராக விழுந்துகொண்டிருந்த சாக்கடைகளையும் 1907 வாக்கில் கால்வாய்ப் பக்கம் திருப்பிவிட்டார்கள். டைபாய்டு இறங்கத் தொடங்கியது. 1912 முதல் குடிதண்ணீரில் குளோரின் கலந்தார்கள். பாலைக் காய்ச்சி விற்கச் சட்டம் செய்தார்கள். 1891-இல் லட்சம் பேருக்கு 174 பேரைக் கொன்ற ஜுரம், பின்னர் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. அந்தப் புகழ் முழுவதும் கால்வாய்க்கே உரியதல்ல. ஆனால் பெரும் பங்கு அதற்கு உண்டு. குழந்தையைப் பறிகொடுக்காத தாய்மார்களிடம் போய், 'இந்தக் கால்வாயை வெட்ட இவர்களுக்கு என்ன அதிகாரம்?' என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் ஜஹ்னு முனிவர்கள் இன்னும் பாக்கி இருந்தார்கள். இல்லினாய்ப் பள்ளத்தாக்கின் விவசாயிகளுடைய தாழ்ந்த நிலங்களில் தண்ணீர் ஏறி நின்றது. நஷ்ட ஈடு கேட்டு வழக்குமேல் வழக்காகப் போட்டார்கள். மேல்பகுதி ஆற்றில் மீன்கள் செத்து, வலைஞர்கள் பிழைப்பை இழந்தார்கள். சிகாகோ வளர வளர, சட்டத்தின் வாய்ப்பாட்டுப்படி ஏரித் தண்ணீரும் மேலும் மேலும் வேண்டியிருந்தது. மத்திய சர்க்காரின் யுத்த மந்திரி வினாடிக்கு 4,167 கன அடிக்கு அனுமதி கொடுத்திருந்தார்; மண்டலமோ அதைப்போல் இரண்டு மடங்கு எடுத்தது. ஏரிகளின் மட்டம் சுமார் அரை அடி குறைந்தது என்று கப்பல்காரர்கள் முறையிட்டார்கள். அரை அடிதானே என்று சொல்லிவிட முடியாது. ஆழம் குறைந்த துறைமுகத்தில் அந்த அரை அடிக்கு எத்தனையோ டன் சரக்கை இறக்க வேண்டும். கனடாவும் ஆட்சேபித்தது.

1908-இல் மத்திய சர்க்காரே மண்டலத்தின்மேல் வழக்குப் போட்டது. வழக்கு நீதிபதி லாண்டிஸ் முன்னால் வந்தது. 1915-இல் வாதம் முடிந்தது; 1920-இல்தான் வாயைத் திறந்தார்! மண்டலம் செய்வது தவறு என்றார்; ஆனால் உத்தரவை எழுதாமலே பதவியை விட்டுப் போய்விட்டார். கடைசியில் 1925-இல் சுப்ரீம் கோர்ட் முடிவு சொன்னது. எழுதியவர் அதே ஹோம்ஸ்தாம். கப்பல் போகும் பெரிய ஏரிகளின்மேல் தேசத்துக்கு உள்ள அதிகாரத்துக்கு முன்னால் ஒரு ராஜ்யத்தின் சட்டமோ ஒரு மண்டலத்தின் தேவையோ நிற்காது என்றார். அதாவது, 1889-இல் இல்லினாய்ச் சட்டசபை கொடுத்த அதிகாரம், தன்னிடம் இல்லாத ஒன்றைத் தானம் செய்தது போல!

அடுத்து விஸ்கான்ஸின் முதலிய ஏரிக்கரை ராஜ்யங்கள் வழக்குப் போட்டன. 1930-இல் மறுபடியும் ஹோம்ஸ்தாம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 89. அவர் ஒரேயடியாகக் கதவை மூடிவிடவில்லை. அப்படி மூடினால் லட்சக்கணக்கான ஜனங்கள் சொந்த அழுக்கில் மூழ்கிச் சாவார்கள். ஆகவே தவணை கொடுத்தார். குடிதண்ணீருக்காக எடுப்பது நீங்கலாக, உடனே 6,500 கன அடி. 1935 முடிவிலிருந்து 5,000. 1938 முடிவிலிருந்து 1,500. அதற்குள் கழிவு நீரைச் சுத்தம் செய்யும் நிலையங்களைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றார். மண்டலம் கட்டியது. முன்பே ஆரம்பித்திருந்த வேலையை மும்முரமாக முடுக்கி, உலகத்திலேயே மிகப் பெரியவை என்று சொல்லத்தக்க நிலையங்களை எழுப்பியது. நாற்பது வருஷமாகத் தண்ணீரைக் கொட்டிக் கழுவிக்கொண்டிருந்தவர்கள், கோர்ட் வாசலில் நின்ற பிறகுதான் அழுக்கை அழுக்காகவே எதிர்கொண்டார்கள். பின்னர் 1967-இல் எல்லாத் தேவைகளையும் சேர்த்து வினாடிக்கு 3,200 கன அடி என்று இறுதியாக ஒரு வரம்பை விதித்தார்கள்.

இன்றும் சிகாகோ ஆறு ஏரியை விட்டுத் திரும்பித்தான் ஓடுகிறது. மண்டலத்தின் பெயர் 1955-லும் 1989-லும் மாறியது. இப்போதைய பெயரில் 'சாக்கடை' வாடையே இல்லை, 'நீர் மீட்பு' என்றுதான் இருக்கிறது. ஆனால் இரண்டு நதிகளை இணைத்தவர்கள் நினைத்துக்கூடப் பார்க்காத ஒரு விளைவு நூறு வருஷம் கழித்து வந்தது. தெற்கே குளங்களில் வளர்க்கக் கொண்டுவந்த ஆசியக் கெண்டை வகை மீன்கள் தப்பி, மிஸிஸிப்பியில் பெருகி, இல்லினாய் ஆற்றில் ஏறி, இதே கால்வாய் வழியாகப் பெரிய ஏரிகளுக்குள் புகப் பார்க்கின்றன. அவற்றைத் தடுக்க 2002-இலிருந்து கால்வாயில் மின்சார வேலி போட்டிருக்கிறார்கள். இயற்கை பத்தடி மேட்டை வைத்துச் சும்மா காவல் காத்துக்கொண்டிருந்தது. அதை வெட்டியவர்கள் இன்று மின்சாரக் கட்டணம் கட்டிக் காவல் காக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, சிகாகோக்காரர்கள் செய்தது தவறு என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வருஷத்துக்கு இரண்டாயிரம் பேரைச் சுடுகாட்டுக்கு அனுப்பும் ஊரில், பக்கத்து ராஜ்யத்தின் சம்மதத்துக்காகக் காத்திரு என்று யாருக்கும் உபதேசம் செய்ய முடியாது. தங்கள் வரியைத் தாங்களே போட்டுக்கொண்டு, சொந்தக் கடனில், எட்டே வருஷத்தில் இவ்வளவு பெரிய காரியத்தை ஒரு ஸ்தல ஸ்தாபனம் முடித்தது என்றால், அதற்குத் தலைவணங்கத்தான் வேண்டும். மேலிடத்திலிருந்து பணம் வரட்டும், மந்திரி வந்து அஸ்திவாரக் கல் நாட்டட்டும் என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை.

ஆயினும் ஒன்று தெளிவாகிறது. வோட்டு என்பது, போடுகிறவன் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளக் கொடுக்கும் சம்மதம். தன் பணத்தைச் செலவிட, தன் தெருவைத் தோண்ட, தன் வீட்டுக்கு வரி போட அது அதிகாரம் கொடுக்கும். அடுத்த ஊர்க்காரன் குடத்துக்கு அது அதிகாரம் கொடுக்காது. நிலத்தில் எல்லைக் கல் நட்டுவிடலாம், தண்ணீரில் நடமுடியாது. ஆகவே தண்ணீர் விஷயத்தில் ஒரு ஊரின் அதிகாரம், அந்தத் தண்ணீர் போய்ச்சேரும் கடைசி ஊர்வரை கேட்டு வாங்க வேண்டிய அதிகாரமாகிவிடுகிறது. முன்னாலேயே கேட்டிருந்தால் இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ தாமதமாகியிருக்கும். கேட்காமல் போனதால், 1900-இலிருந்து 1967 வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.